பூகம்பமும் எரிமலையும்: நாம் அஞ்ச வேண்டியது எதற்கு?

குடியானவனுக்குப் பூமியைவிட நெருங்கிய உறவு வேறில்லை. அவன் உழுவதும், கிணறு வெட்டுவதும், வீடு எழுப்புவதும் அதன்மேல்தான். ஆயினும் கலப்பைக் கொழு செல்லும் ஆழத்துக்கும் கிணற்றின் ஆழத்துக்கும் கீழே என்ன இருக்கிறது என்று நாம் சிந்திப்பது அரிது. தூரதேசத்தில் பூகம்பம் உண்டாகி ஜனங்கள் மடிந்தார்கள் என்னும் செய்தி வரும்பொழுது மட்டும், "நம் ஊரிலும் அவ்வாறு நேருமோ? திண்டுக்கல் மலை முன்னொரு காலத்தில் எரிமலையாக இருந்திருக்குமோ?" என்பன போன்ற கேள்விகள் சாவடியிலும் சங்கத் திண்ணையிலும் எழுகின்றன. இக்கேள்விகள் வீண் கேள்விகளல்ல. இவற்றுக்கு விடை தெரிந்துகொண்டால், எதற்கு அஞ்ச வேண்டுவதில்லை, எதில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்னும் இரண்டும் விளங்கும்.

பூமியின் உள்ளமைப்பு

திண்டுக்கல் சமவெளியில் கிணறு வெட்டியவர்களுக்குப் பூமியின் முதற்பாடம் முன்னமே தெரியும். மேலே செம்மண், அதற்குக் கீழே சரளை, பின்னர் கடப்பாரைக்கு இளகும் சுக்காம்பாறை, அதன்பின் வெடி வைத்தாலன்றி அசையாத கரும்பாறை. இந்தக் கரும்பாறையே பூமியின் மேலோடு. நிலப்பகுதிகளில் இது சாதாரணமாக 30 முதல் 40 கிலோமீட்டர் கனமுள்ளது. பூமியின் நடுவிடமோ நம் காலடியிலிருந்து ஏறக்குறைய 6,370 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. ஆகையால் மேலோடு என்பது மாம்பழத்துக்குத் தோல்போலத்தான்.

ஆழம் செல்லச் செல்ல வெப்பம் மிகும். கோலார் தங்கச் சுரங்கத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் இதை நேரில் அறிந்தவை. 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட அச்சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழமுடையது; அதன் அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேற்பட்டிருந்தது. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரையில் இடைப்படை இருக்கிறது. அது பெரும்பாலும் கெட்டியான பாறையே. ஆயினும் மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அது கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல நகரும் தன்மையுடையது. அதற்கும் கீழே உருகிய இரும்பு நிறைந்த புறக்கருவும், நடுவில் கெட்டியான இரும்பு உட்கருவும் உள்ளன. எனவே, நாம் ஒரு நெருப்புக் கடலின்மேல் மிதக்கிறோம் என்று சிலர் எண்ணுவது சரியன்று.

பூமி அதிர்வதன் காரணம்

மேலோடும் அதை அடுத்த இடைப்படையின் மேற்பகுதியும் சேர்ந்து ஒரே துண்டாக இல்லை. பல பெரும் பாளங்களாகப் பிரிந்திருக்கின்றன. இப்பாளங்கள் இடைவிடாமல் நகர்கின்றன. நமது இந்தியப் பாளம் வடக்கு வடகிழக்காக ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் செல்கிறது. விரல் நகம் ஓர் ஆண்டில் வளரும் அளவுக்கு இது சற்றே அதிகம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இது ஆசியாவோடு மோதிற்று. அம்மோதலில் மடிந்து உயர்ந்ததே இமயமலை. அந்த நெருக்கம் இன்றும் ஓயவில்லை.

இரண்டு பாறைப் பரப்புகள் ஒன்றையொன்று நெருக்கும்பொழுது அவை வழுக்கிக்கொண்டு எளிதில் செல்வதில்லை. திண்டுக்கல் பூட்டு ஒன்று துருவேறிக் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். சாவியைத் திருப்புகிறோம், அது அசைவதில்லை. மேலும் பலங்கொண்டு திருப்புகிறோம், கைதான் நோகிறது. சட்டென்று ஒரு கணத்தில் சாவி திரும்பிவிடுகிறது, பூட்டே அதிர்கிறது. பாறைகளின் செயலும் இவ்வாறே. நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழுத்தம் சேர்ந்துகொண்டே வரும். பாறையில் பழைய முறிவு உள்ள இடத்தில் ஒருநாள் பிடி விட்டுப் பாறை சறுக்கும். அப்பொழுது வெளிப்படும் சக்தி அலைகளாக நாற்புறமும் ஓடும். அடுத்த தோட்டத்துக் கிணற்றில் வெடி வைத்தால் நம் வீட்டுப் பாத்திரம் கலகலக்கிறதல்லவா? அலை பரவும் விதம் அதுவே. சக்திதான் பல்லாயிரம் மடங்கு பெரிது.

இவ்வலைகளில் இருவகை முக்கியமானவை. முதல்வகை கடும்பாறையில் விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி முதலில் வந்துசேரும். இரண்டாம்வகை விநாடிக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் பின்தொடரும். சுவரைப் பக்கவாட்டில் உலுக்குவது பெரும்பாலும் இதுவே. மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியைக்கொண்டு மழைமேகத்தின் தூரத்தை நாம் மதிப்பதுபோல, இவ்விரு அலைகளின் இடைவெளியைக்கொண்டு பூகம்பம் உண்டான தூரத்தைக் கணக்கிடலாம். இடைவெளி 10 விநாடியானால் தூரம் சுமார் 80 கிலோமீட்டர். மூன்று இடங்களிலிருந்து இவ்வாறு அளந்தால் பூகம்பம் பிறந்த இடம் புலப்படும். இதற்கான கருவிக்குப் பூகம்பமானி என்று பெயர். இந்தியாவில் அக்கருவி முதன்முதல் நிறுவப்பட்ட சில இடங்களுள் நமது கொடைக்கானலும் ஒன்று என்பது பெருமைக்குரிய விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயிலேயே அங்கே அது வைக்கப்பட்டது.

பூகம்பத்தின் அளவுமானம் வேறு, ஓர் ஊரில் உணரப்படும் அதிர்ச்சி வேறு. திருவிழாவில் மேளம் ஒன்றுதான். அதை அருகே நிற்பவன் காதைப் பொத்திக்கொள்கிறான், அடுத்த ஊரிலுள்ளவனுக்கு மெல்லிய ஓசையாகக் கேட்கிறது. அளவுமானம் என்பது மேளக்காரன் அடித்த அடியின் பலம். அது ஒரு படி உயர்ந்தால் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு உயரும். ஆகவே, 6 அளவுள்ளதை 5 அளவுள்ளதைவிடச் சற்றே பெரியது என்று எண்ணலாகாது.

எரிமலையும் திண்டுக்கல் மலையும்

எரிமலையின் வரலாறு வேறு. பாளங்கள் விலகும் இடத்திலும், ஒரு பாளம் மற்றொன்றின்கீழ் அமிழும் இடத்திலும், மற்றும் சில விசேஷ இடங்களிலும் இடைப்படைப் பாறையில் ஒரு பகுதி உருகுகிறது. உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட இலேசானது. அதனால் மேலெழும்பி வெளிவருகிறது. இந்தியாவில் இன்று உயிருள்ள எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஒன்றே. அது போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 135 கிலோமீட்டரில் உள்ளது. சென்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் நெடுங்காலம் உறங்கிய அது, 1991-ஆம் ஆண்டில் மீண்டும் கக்கியது; அதன்பின் பலமுறை கக்கியிருக்கிறது. இந்தியப் பாளம் கிழக்கே அமிழும் வரிசையின் அருகே அது இருப்பதே இதற்குக் காரணம். அவ்வரிசையிலேயே சுமத்ராவை அடுத்த கடலடியில் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி 9.1 அளவுள்ள பூகம்பம் உண்டாகி, நாகப்பட்டினம் முதலிய நமது கரையோரங்களைக் கடல் விழுங்கியதை யாரும் மறந்திரார்.

திண்டுக்கல் நகரத்துக்குப் பெயர் தந்த மலையோ, திண்டு போன்ற கல்லே தவிர எரிமலையன்று. அதன் உச்சியில் குழம்பு கக்கிய வாயும் இல்லை. சரிவில் சாம்பற்படையும் இல்லை. நமது மலைகள் பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பதப்பட்ட மிகப் பழைய பாறைகள். மேலிருந்த பாரமெல்லாம் மழையாலும் வெயிலாலும் காற்றாலும் பல கோடி ஆண்டுகளில் தேய்ந்து நீங்க, அடியிலிருந்த கடினப் பாறை தலைகாட்டி நிற்கிறது. பழனி மலையிலும் சிறுமலையிலும் காணும் கரும்பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்பவரின் கல்லறையில் பதித்த கல் இவ்வகையைச் சேர்ந்தது. அதனால் இப்பெயர் வந்தது. சென்னையை அடுத்த பல்லாவரத்திலும் இக்கல் உண்டு. தக்காணத்தின் வடபகுதியில் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் குழம்பு வெள்ளமாய்ப் பெருகி உறைந்தது உண்மை. மகாராஷ்டிரத்தின் கரிசல் மண் பெரும்பாலும் அதிலிருந்து பிறந்தது. ஆனால் அவ்வெள்ளம் உறைந்த பாறைப்பரப்பு நமது பக்கத்தில் இல்லை.

இதை இத்துணை விரிவாகக் கூறக் காரணம் உண்டு. உயர் மின்னழுத்தக் கம்பி அறுந்து விழுந்த இடத்திலும் இடி விழுந்த இடத்திலும் மண் உருகிக் கருங்கண்ணாடிபோல் இறுகுவதுண்டு. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து காற்றோ புகைபோன்ற தூசியோ சீறுவதும் உண்டு. இவற்றைக் கண்டு, "எரிமலை கிளம்புகிறது" என்று வதந்தி பரப்புவதும், வீட்டை விட்டு ஓடுவதும் தகாத செயல்கள். திண்டுக்கல் சமவெளியில் எரிமலைக்கு அஞ்ச வேண்டுவதேயில்லை.

நமது பக்கத்தில் நேர்ந்தவை

இது நிற்க. பூகம்பத்தைப் பற்றி இவ்வளவு திடமாக ஆறுதல் சொல்ல இயலாது. பாளத்தின் ஓரத்திலிருந்து நாம் வெகுதூரத்தில் இருப்பதால் இமயமலைப் பிரதேசத்தில்போல் அடிக்கடி பெரும் பூகம்பங்கள் இங்கே நேர்வதில்லை. ஆனால் ஓரத்தில் உண்டாகும் நெருக்கம் பாளம் முழுவதும் பரவுகிறது. கதவை நிலையில் அழுத்திச் சாத்தினால் பலகையின் நடுவிலுள்ள பழைய விரிசலும் வாய்திறக்கிறதல்லவா? அவ்வாறே தென்னாட்டின் பழம்பாறையிலுள்ள பூர்வகால முறிவுகளும் எப்பொழுதாவது அசைகின்றன.

1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி விடியுமுன் கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஒரு பூகம்பம் உண்டாயிற்று. அதன் அளவு ஏறக்குறைய 6 என மதிக்கப்பட்டுள்ளது. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. கோயமுத்தூர் திண்டுக்கல்லிலிருந்து நேர்தூரத்தில் 130 கிலோமீட்டர்தான். 2000 டிசம்பர் 12-ஆம் தேதி மேற்கே இடுக்கிப் பக்கத்தில் 5 அளவுள்ள பூகம்பம் உண்டாகி, மலைக்கு இப்புறத்துத் தமிழ்நாட்டு ஜில்லாக்களிலும் உணரப்பட்டது. 2001 செப்டம்பர் 25-ஆம் தேதி புதுச்சேரிக்கு எதிரே கடலில் ஐந்தரை அளவுள்ள பூகம்பம் உண்டாகிச் சென்னை முதலான இடங்களை அசைத்தது. 2002-இல் வெளியான பூகம்ப அபாயப் படம் இந்தியாவை நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. தமிழ்நாடு முழுவதும் அவற்றுள் அபாயம் குறைந்த இரண்டு மண்டலங்களில் அடங்கிற்று. ஆகவே நமது நிலை அபாயம் குறைந்த நிலையே, அபாயமற்ற நிலையன்று.

கில்லாரி கற்பித்த பாடம்

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை எத்தகையது என்பதை மகாராஷ்டிரத்தில் லாத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த கில்லாரி என்னும் கிராமம் உலகுக்குக் காட்டிற்று. அதுவும் நமது நிலத்தைப்போலவே தீபகற்பத்தின் நடுவிலுள்ள பழம்பூமி. அக்காலத்தில் வழங்கிய அபாயப் படத்தில் அப்பிரதேசம் மிகக் குறைந்த அபாயமுள்ள மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி, விநாயகர் விழா முடிந்து ஜனங்கள் அயர்ந்து உறங்கிய பின்னிரவில், 4 மணிக்குச் சற்று முன் 6.2 அளவுள்ள பூகம்பம் அங்கே உண்டாயிற்று. ஏறக்குறைய 8,000 முதல் 10,000 பேர் வரை மாண்டார்கள். அளவில் அது 1900-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் நேர்ந்ததற்கு ஏறத்தாழ ஒப்பானதே.

இத்தனை உயிர்களைக் கொன்றது எது? பூமி வாய்திறந்து விழுங்கவில்லை, வீடுகளே கொன்றன. அவை கனத்த கற்சுவர் வீடுகள். உருண்டைக் கற்களை மண்சாந்தில் அடுக்கிச் சுவரின் உட்புறம் ஒரு முகமாகவும் வெளிப்புறம் ஒரு முகமாகவும் எழுப்பி, இடையில் சில்லுக்கற்களை நிரப்பியிருந்தார்கள். இரு முகங்களையும் பிணைக்கும் நீளக்கல் இல்லை. மேலே வெயிலைத் தடுக்கக் கனமாக மண் பரப்பிய கூரை. பூமி உலுக்கியவுடன் சுவரின் இரு முகங்களும் பிரிந்து சரிந்தன. மண்கூரை உறங்கினவர்மேல் இறங்கிற்று.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. 1931-ஆம் ஆண்டில் பலுசிஸ்தானத்தில் பூகம்பம் நேர்ந்தபின், எஸ். எல். குமார் என்னும் ரயில்வே என்ஜினீயர் குவெட்டாவில் ரயில்வே ஊழியர் குடியிருப்புகளைப் பூகம்பம் தாங்கும்படி இரும்புச் சட்டமிட்டுக் கட்டுவித்தார். 1935 மே 31-ஆம் தேதி இரவில் குவெட்டா நகரம் தரைமட்டமாகிப் பல்லாயிரம் பேர் மாண்டனர். அக்குடியிருப்புகளோ நிலைத்து நின்றன. பூமி ஒன்று, அதிர்ச்சி ஒன்று. வீடு கட்டிய முறைதான் வேறு.

சங்கத்தார் செய்யத்தக்கவை

பூகம்பம் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்லும் வித்தை உலகில் எவரிடமும் இல்லை. அப்படிச் சொல்லுவோரை நம்பவும் வேண்டாம். ஆனால் வீட்டை முன்கூட்டிப் பலப்படுத்தும் வித்தை நமது கொத்தனார்களிடமே இருக்கிறது. வீட்டுக் கடனும் பழுதுபார்க்கும் கடனும் கோரி அங்கத்தினர் வரும்பொழுது, நிலத்தின் பத்திரத்தைப் பார்ப்பதுபோல் சுவரின் பலத்தையும் பார்ப்பது சங்கத்தின் கடமையாகும். கவனிக்கத்தக்கவை பின்வருவன:

முதலாவது, அஸ்திவாரம் கெட்டித் தரையில் இறங்க வேண்டும். கரம்பை மண்ணும், குளத்தைத் தூர்த்த இடமும், புதிதாக மண் நிரப்பிய பள்ளமும் அதிர்ச்சியைப் பெரிதாக்கும்.

இரண்டாவது, கற்சுவரானால் சுவரின் இரு முகங்களையும் ஊடுருவும் நீளக்கற்கள் இரண்டடி உயரத்துக்கு ஒரு வரிசையாகவும், வரிசையில் நான்கடிக்கு ஒன்றாகவும் இருத்தல் வேண்டும். மூலைகளில் நீண்ட கற்களை மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். மண்சாந்தைவிடச் சுண்ணாம்பு அல்லது சிமெண்டுச் சாந்து மேலானது.

மூன்றாவது, கொத்தனார்கள் லிண்டல் என்று வழங்கும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டையை வாசல் ஜன்னல்களுக்கு மேலே துண்டு துண்டாகப் போடாமல், எல்லாச் சுவர்களின்மேலும் இடைவெளியின்றிச் சுற்றி ஓடவிட வேண்டும். பல விறகுகளைக் கயிறு ஒரு கட்டாக்குவதுபோல நான்கு சுவர்களையும் இப்பட்டை ஒரு பெட்டியாக்கும். எல்லா முறைகளிலும் இதுவே முதன்மையானது. வீடு கட்டும்பொழுதே போட்டால் அதிகச் செலவு ஆகாது.

நான்காவது, வாசலும் ஜன்னலும் மூலைக்கு இரண்டடிக்குள் வரலாகாது. கூரை இலேசாகவும் சுவரோடு பிணைப்பாகவும் இருக்க வேண்டும். ஓட்டு வீட்டில் உத்தரமும் கைமரமும் சுவரின்மேல் சும்மா அமர்ந்திராமல் இரும்புப் பட்டையால் இறுக்கப்பட வேண்டும்.

ஐந்தாவது, சங்கத்தின் கிடங்கில் உரமூட்டைகளைத் தலைக்குமேல் அடுக்கி, அதன் கீழே எழுத்தர் அமர்ந்திருப்பது எந்நாளும் ஆபத்து. கணக்குப் புத்தக அலமாரியைச் சுவரோடு பிணைத்தல் நலம்.

அதிர்ச்சி உண்டாகும் சமயத்தில், வாசலருகே இருப்பவர் வெட்டவெளிக்குப் போய்விட வேண்டும். வெளியே சென்றபின் சுவர், மின்கம்பம், தண்ணீர்த்தொட்டி இவற்றின் அருகில் நிற்கலாகாது. உறுதியான வீட்டின் உள்ளறையில் இருப்பவர் ஓடுவதைவிடப் பலமான மேஜையின் அடியில் குனிந்து தலையைக் காத்துக்கொள்வது நன்று. அதிர்ச்சி நின்றவுடன் அடுப்பையும் சமையல் வாயு உருளையையும் மூட வேண்டும். விரிசல் கண்ட வீட்டில் மீண்டும் உறங்கலாகாது, ஏனெனில் பின் அதிர்ச்சிகள் வருவது இயல்பு. செய்தி மெய்யா பொய்யா என்பதைத் தாலுகா ஆபீஸிலும் தேசிய நில அதிர்வு மையத்தின் அறிவிப்பிலும் தெரிந்துகொள்ளலாம்.

பூமி நகர்வதை நிறுத்த எந்தச் சர்க்காராலும் இயலாது; எந்தச் சங்கத்தாலும் இயலாது. அதன் காலம் நமது கணக்குக்கு அடங்கியதன்று. நம் தலைமுறையில் திண்டுக்கல் நிலம் ஒருமுறைகூடப் பலமாக அசையாமலே போகலாம். எனினும் ஒருவர் எழுப்பும் சுவர் அவர் காலத்தோடு முடிவதில்லை. மகனும் பேரனும் அதன் நிழலில் உறங்குவார்கள். கில்லாரி மக்களும் தங்கள் பாட்டன்மார் கட்டிய வீடுகளை நம்பித்தான் உறங்கினார்கள். ஆகையால், அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கத்தாரும் இவ்விஷயத்தை ஆலோசித்து, வீட்டுக் கடன் கோரும் மனுவில் "லிண்டல் பட்டை நான்கு சுவர்களையும் சுற்றி ஓடுகிறதா?" என்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வார்களாயின், அந்த ஒரு வரியே பல உயிர்களுக்குக் காவலாகும்.